தண்டவாளமும் சாணைக்கல்லும்

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றிலே யான் முதன்முதல் ஆசிரியப் பணி ஏற்றபோது, அப்பாடசாலைக்கு வெண்கல மணி இருந்ததில்லை. பலாமரக் கிளையிலே கம்பியாற் கட்டித் தொங்கவிடப்பட்ட ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டே அதற்கு மணியாக விளங்கிற்று. காலைதோறும் மாணவனொருவன் இரும்புத் துண்டொன்றால் அதனை அடிப்பான். அவ்வோசை இறப்பர் மரங்களினூடே சென்று லயன் வரிசைகளை எட்டும்; பிள்ளைகள் பையுடன் ஓடிவருவர்.

ஒருநாள் ஐந்தாம் வகுப்பு மாணவனொருவன் என்னை நோக்கி, "சேர், இந்தப் பக்கம் கோச்சி ஓடுவதில்லையே, இந்தத் தண்டவாளம் எப்படி வந்தது?" என்று வினவினான். வந்த வரலாற்றைக் கூறினேன். அவன் அத்துடன் விட்டானல்லன். "இரும்பு தேயுமா? தேய்ந்தால் என்ன செய்வார்கள்?" என்று மேலும் வினவினான். அதற்கு அன்று என்னால் முறையான விடை கூற இயலவில்லை. பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்து, நம் கல்லூரியின் விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஒரு பாடமாக ஈண்டுத் தருகின்றேன். யான் பொறியியலாளன் அல்லேன்; தமிழாசிரியன். ஆயினும் தண்டவாளத்தைக் காக்கும் முறையிலே எம் தொழிலுக்கும் உரிய உண்மையொன்று இருத்தலைக் கண்டு இதனை எழுதத் துணிந்தேன்.

சப்ரகமுவவின் இருப்புப் பாதைகள்

இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு திசெம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையிலிருந்து அலகல்ல மலைச்சாரலை ஒட்டிக் கடுகண்ணாவை வரை ஏறும் பகுதியே இப்பாதையின் கடினமான பகுதியாகும். ஏறக்குறையப் பன்னிரண்டு மைல் தூரத்திலே பாதை சுமார் 1400 அடி உயர்கின்றது. மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு மைல் 63,360 அடி. அதனை 1400ஆல் வகுத்தால், 45 அடிக்கு ஓரடி ஏற்றம் என்பது பெறப்படும். மாட்டுவண்டிக்கு இஃது எளிய ஏற்றம். வழுவழுப்பான உருக்கின்மேல் வழுவழுப்பான உருக்குச் சில்லு உருளும் புகையிரதத்துக்கோ இது பெருமலை.

சப்ரகமுவவின் உட்பகுதிக்குச் சென்றது களனிப் பள்ளத்தாக்குப் பாதை. கண்டிப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் ஐந்தடி ஆறங்குலம். இப்பாதையிலோ இரண்டடி ஆறங்குலமே. இப்பாதை 1902இல் அவிசாவளையையும், 1903இல் யட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகளும் இறப்பர்ப் பொதிகளும் இதன் வழியே கொழும்புக்குச் சென்றன. யட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அகற்றப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி நோக்கிச் சென்ற பகுதி 1970களில் மூடப்பட்டது. அவிசாவளை வரையுள்ள பகுதி மட்டும் 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டு இன்றும் பயன்பட்டு வருகின்றது. எம் பாடசாலை மணி, மூடப்பட்ட அச்சிறு பாதையின் எச்சம்.

என் தாய்வழிப் பாட்டனார் அச்சிறு பாதையிலே பராமரிப்புத் தொழிலாளியாக இருந்தவர். அலவாங்கு, குந்தாலி, சம்மட்டி ஆகியவையே அவருக்குக் கருவிகள். யான் சிறுவனாயிருந்தபோது அவர் தம் தொழிலைப் பற்றிக் கூறியவற்றுள் ஒரு கூற்று மட்டும் மறவாது நிற்கின்றது: "நல்ல தண்டவாளம் பாடும், வெடித்த தண்டவாளம் இருமும்." சம்மட்டியால் தட்டி, ஓசையால் நோய் அறிந்தவர் அவர். அவர் செவியால் அறிந்ததை இன்று பொறிகள் அறிகின்றன. அவர் கையால் இயற்றாததையும் இயற்றுகின்றன. அவற்றின் இயல்பை இனி நோக்குவாம்.

உருக்கின்மேல் உருக்கு

புகையிரதச் சில்லும் தண்டவாளமும் ஒன்றையொன்று தொடும் இடம் மிகச் சிறியது. ஏறக்குறைய ஒரு சிறு நாணயத்தின் பரப்பேயாகும். எஞ்சினின் ஒவ்வொரு சில்லும் பல தொன் பாரத்தை அச்சிறு பரப்பின் வழியாகவே தண்டவாளத்தின்மீது இறக்குகின்றது. அவ்விடத்தில் எழும் அழுத்தம் உருக்கையும் நசுக்க வல்லது. ஒரு சில்லு கடந்ததும் அடுத்த சில்லு வருகின்றது. ஒரு வண்டி சென்றதும் அடுத்த வண்டி வருகின்றது. இவ்வாறு இலட்சக்கணக்கான முறை நசுங்கி மீளும் உருக்கு நாளடைவில் களைப்படைகின்றது. மனிதர்க்கேயன்றி உலோகத்துக்கும் களைப்பு உண்டு என்பது பொறியியலார் கண்ட உண்மை.

வளைவுகளிலே துன்பம் மேலும் மிகும். புகையிரதத்தின் இரு சில்லுகளும் ஒரே அச்சிற் பிணைக்கப்பட்டவை. ஆகையால் இரண்டும் ஒருங்கே சுழலும். ஆயின் வளைவில் வெளிப்புறத் தண்டவாளம் உட்புறத் தண்டவாளத்தினும் நீளமானது. 200 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றை எடுத்துக்கொள்வோம். பாதையின் அகலம் 1.676 மீற்றர். அதனை 200ஆல் வகுத்தால், ஒவ்வொரு மீற்றர் தூரத்துக்கும் வெளிப்புறத் தண்டவாளம் எட்டு மில்லிமீற்றருக்குச் சற்றே மிகுதியாக நீண்டிருத்தல் புலனாகும். சில்லின் விளிம்பு சற்றுச் சாய்வாகச் செதுக்கப்பட்டிருப்பதால் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி சரிசெய்யப்படும். எஞ்சிய பகுதிக்குச் சில்லு உருள்வதோடு வழுக்கவும் வேண்டும். மலைப்பாதை வளைவுகளிலே வண்டி செல்லும்போது எழும் கிறீச்சென்ற ஓசை அவ்வழுக்கலின் குரலே.

தண்டவாளத்தின் நோய்கள்

இவ்வழுத்தத்தாலும் வழுக்கலாலும் தண்டவாளத்தின் தலைப்பகுதியில் உண்டாகும் நோய்களுள் மூன்றினை முதன்மையாகக் கூறலாம்.

முதலாவது அலைத்தழும்பு. தண்டவாளத்தின் மேற்பரப்பிலே சில சென்ரிமீற்றர் இடைவெளியில் மேடும் பள்ளமும் மாறிமாறித் தோன்றும். லயன் வீட்டுக் கூரைத் தகரத்தை நினைவுகூர்க. அவ்வடிவமே, ஆயினும் மிக நுண்ணியது. பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்காயிருக்கும்போதே வண்டி உறுமத் தொடங்கும். பயணிகளின் செவிக்கு அஃது இரைச்சல் மட்டுமே. பாதைக்கோ அஃது ஓயாத சம்மட்டியடி. அதனால் சிலிப்பர்க் கட்டைகளின் பிடி தளரும். அவற்றின் கீழுள்ள சல்லிக்கல் பொடியாகும்.

இரண்டாவது விளிம்புக் கீறல். வளைவின் வெளிப்புறத் தண்டவாளத்தில், சில்லு உரசும் உள்விளிம்பிலே, மயிரிழை போன்ற கீறல்கள் அணியணியாகத் தோன்றும். தொடக்கத்தில் அவை மேற்பரப்பை ஒட்டியே சாய்வாகச் செல்லும். அவ்வளவில் அவற்றால் பெருந்தீங்கு இல்லை. காலம் செல்லச் செல்ல அவற்றுட் சில திடீரெனக் கீழ்நோக்கித் திரும்பித் தண்டவாளத்தின் உட்பகுதியை ஊடறுக்கும். அந்நிலையில் தண்டவாளம் முறிதல் கூடும்.

மூன்றாவது பள்ளத்தழும்பு. தண்டவாளத்தின் உச்சியிலே கட்டைவிரலால் அழுத்தியது போன்று ஒரு கருநிறப் பள்ளம் தோன்றும். அதன் கீழே கீறல் ஒளிந்திருக்கும்.

இந்நோய்களுக்கு நீர் நண்பன். கீறலிற் புகுந்த மழைநீரின்மீது சில்லு ஏறும்போது, வெளியேற வழியின்றி அடைபட்ட நீர் கீறலின் இரு பக்கங்களையும் ஆப்புப் போலப் பிளக்க முற்படும். ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரியை அறிந்த நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சாணைப் பொறி

இந்நோய்களுக்கு மருந்து, தண்டவாளத்தின் தலையை மெல்லியதாகத் தேய்த்து நோயுற்ற படலத்தை நீக்குதலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரத் திராம் வண்டிப் பாதைகளிலே கரடான கற்கட்டிகளைத் தண்டவாளத்தின்மீது அழுத்தி இழுத்துச் சென்று அலைத்தழும்பை அகற்றினர். பின்னர்ச் சுழலும் சாணைக்கற்கள் பொருத்தப்பட்ட வண்டிகள் வந்தன. அமெரிக்காவிலும் சுவிற்சர்லாந்திலும் இயங்கிய ஸ்பீனோ நிறுவனமும், அமெரிக்காவின் லோராம் நிறுவனமும் இத்துறையிற் பெயர் பெற்றவை.

இன்றைய சாணைப் பொறி ஒரு தனிப் புகையிரதம் போன்றது. அதன் அடிவயிற்றில் வட்டமான சாணைக்கற்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொரு கல்லையும் தனி மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3600 சுற்றாகச் சுழற்றும். கல்லின் விளிம்பன்றித் தட்டையான முகமே தண்டவாளத்தின்மீது படியும். அண்டை நாடான இந்தியாவின் புகையிரதச் சேவையிலே 72 கற்களையும் 96 கற்களையும் கொண்ட பொறிகள் பயன்படுகின்றன. பின்னதில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் 48 கற்கள் வேலை செய்யும். பொறி மணிக்கு ஆறு முதற் பதினைந்து கிலோமீற்றர் வரையான வேகத்தில் ஊர்ந்து செல்லும். ஒருமுறை கடக்கையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைத் தேய்த்தெடுக்கும். இருளில் அது வேலை செய்யுங்கால் இருமருங்கும் தீப்பொறி சொரியும். ஆகையால் பாதையோரப் புல்லும் சருகும் தீப்பற்றாதவாறு நீர் தெளிப்பானும், தூசியை உறிஞ்சும் கருவியும் உடன் செல்லும்.

இனி ஒரு வினா எழும். தண்டவாளத்தின் தலை மேற்புறம் வளைந்தது. கல்லின் முகமோ தட்டையானது. தட்டையான கல் வளைந்த வடிவத்தை ஆக்குவது எங்ஙனம்? இரத்தினபுரியில் வாழ்வோர்க்கு இதன் விடை கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளது. மாணிக்கக்கல்லைப் பட்டை தீட்டுவோன் தட்டையான சாணையையே பயன்படுத்துகின்றான். கல்லைப் பிடிக்கும் கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒன்றையடுத்து ஒன்றாகப் பட்டைகளை இடுகின்றான். பட்டைகள் பலவாய் நெருங்கியபோது உருண்ட வடிவம் தோன்றுகின்றது. சாணைப் பொறியும் அவ்வாறே செய்கின்றது. ஒரு கல் நிமிர்ந்து நிற்கும். அடுத்தது ஒரு பாகை சாயும். அதற்கடுத்தது மேலும் சாயும். ஒவ்வொன்றும் தண்டவாளத்தின் நீளத்துக்கு ஓர் ஒடுங்கிய பட்டையைத் தீட்டிச் செல்ல, அப்பட்டைகள் யாவும் கூடிப் பொறியியலார் வரைந்த வளைவாகின்றன. சில்லு எவ்விடத்திற் படவேண்டும், எவ்விடத்திற் படலாகாது என்பதை அவ்வளைவே தீர்மானிக்கும். களைத்த விளிம்பைச் சிறிதே தாழ்த்திவிட்டால், பாரம் களைப்புறாத இடத்துக்கு மாறிவிடும். எனவே சாணைப் பொறி நோயை நீக்குவதோடு, நோயுற்ற உறுப்புக்கு ஓய்வும் அளிக்கின்றது.

புதிதாகப் பதிக்கப்பட்ட தண்டவாளத்துக்கும் சாணை பிடிப்பர் என்பது பலர்க்கு வியப்பளிக்கலாம். ஆலையிலே செந்நிறமாகக் காய்ந்த நிலையில் உருட்டப்படும்போது தண்டவாளத்தின் மேற்படலம் கரியை இழந்து மென்மையாகிவிடும். அம்மென்படலத்தை நீக்காவிடின் நோய் அங்கேயே முதலில் தோன்றும்.

துணைப் பொறிகள்

சாணைப் பொறி தனித்து இயங்குவதன்று. நோய் எங்கேயுள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1911ஆம் ஆண்டு ஓகத்து 25ஆம் நாள் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து மான்செஸ்டர் என்னும் ஊரில், உள்ளே மறைந்திருந்த வெடிப்பினால் தண்டவாளம் முறிந்து 29 பேர் மாண்டனர். புறத்தே காணப்படாத அத்தகைய வெடிப்பைக் காணும் வழியைத் தேடியவருள் எல்மர் ஸ்பெரி என்னும் அறிஞர் ஒருவர். மின்னோட்டத்தைத் தண்டவாளத்திற் செலுத்தி உட்குறையைக் காட்டும் அவரது சோதனை வண்டி 1928இல் தொழிற்படலாயிற்று. இன்று செவிக்குப் புலனாகாத மிகையொலி அலைகளைத் தண்டவாளத்தினுட் செலுத்தி, அவை பட்டுத் திரும்புவதைக்கொண்டு வெடிப்பின் இடத்தை அறிகின்றனர். என் பாட்டனாரின் சம்மட்டியும் இதனையே செய்ய முயன்றது. ஓசையைச் செலுத்தி எதிரோசையைக் கேட்டது.

தண்டவாளத்தைத் தாங்கும் சல்லிப் படுகையைச் செப்பஞ்செய்வது மற்றொரு பொறி. அதன் இரும்பு விரல்கள் வினாடிக்கு ஏறக்குறைய 35 முறை அதிர்ந்துகொண்டே சல்லிக்குள் இறங்கி, சிலிப்பர்க் கட்டையின் அடியிற் கற்களை நெருக்கும். அதே வேளையில் தாழ்ந்த தண்டவாளத்தை உயர்த்தி, கோணலை நிமிர்த்தும். 1953இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தோன்றிய பிளாசர்–தொய்ரர் நிறுவனம் இவ்வகைப் பொறிகளாற் புகழெய்தியது. பலர் கூடிக் குந்தாலியாற் கற்களைக் குத்தி இறுக்கிய வேலையை இது விரைந்து முடிக்கின்றது.

சாணைக்கல்லுக்கு மாற்றாகச் சுழலும் வெட்டுக் கத்திகளாற் சீவும் பொறிகளும் உண்டு. அவை தீப்பொறியைச் சிதறாமல், சீவிய உருக்கைச் சுருளாகச் சேர்த்து எடுத்துச் செல்வதால் சுரங்கங்களுக்கு ஏற்றவை. ஜேர்மனியிலே மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டே மெல்லியதாகத் தேய்க்கும் வண்டிகளும் உள. அவை ஏனைய வண்டிகளின் போக்குவரத்தை நிறுத்தாமலேயே தம் பணியைச் செய்ய வல்லவை.

எவ்வளவு தேய்ப்பது?

இப்பாடத்தின் மையம் இவ்வினாவே. தேய்வதால் அழியும் பொருளை நாமே மேலும் தேய்ப்பது முரண் அன்றோ?

அன்று. தண்டவாளத்தின் தலையில் ஒவ்வொரு நாளும் இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. மேற்பரப்பு தேய்கின்றது, கீறல் வளர்கின்றது. தேய்வு கீறலினும் விரைவாயின், கீறல் பிறந்த அளவிலேயே அழிந்துவிடும். ஆயினும் தண்டவாளம் வீணே மெலிந்துபோகும். கீறல் தேய்வினும் விரைவாயின், தண்டவாளம் தடித்திருந்தும் முறியும். இரண்டும் சமமாகும் ஓரளவு உண்டு. அவ்வளவிலேதான் தண்டவாளம் நெடுநாள் வாழும். கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் அறிஞர் கலூசெக் முதலியோர் இதனை 'மந்திரத் தேய்மானம்' என்னும் பொருள்படப் பெயரிட்டழைத்தனர். பெயரில் மந்திரம் உண்டேயன்றிச் செயலில் இல்லை. கீறல் எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவை மட்டும், அது வளர்ந்த அப்பொழுதே நீக்குதல் என்பதே அதன் பொருள்.

கணக்கு ஒன்றினால் இதனை விளக்குவேன். ஒரு தண்டவாளத்தின் தலையில் பத்து மில்லிமீற்றர் வரை தேயலாம் எனக் கொள்வோம். சில்லுகளால் நேரும் தேய்வை இப்போதைக்கு நீக்கிவைப்போம். கீறல் ஆழமாகும் வரை வாளாவிருந்து, பின்னர் ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லிமீற்றர் தேய்த்தால், ஐந்து முறையில் தண்டவாளத்தின் ஆயுள் முடியும். கீறல் மயிரிழையாய் இருக்கும்போதே 0.2 மில்லிமீற்றர் மட்டும் தேய்த்தால், ஐம்பது முறை தேய்க்கலாம். முன்னது நோய் முற்றியபின் அறுவை. பின்னது நாள்தோறும் பல் துலக்குதல் போன்றது. வள்ளுவர் குற்றங்கடிதல் என ஓரதிகாரம் வகுத்தார். குற்றத்தைச் சிறிதாயிருக்கும்போதே கடிதல் எளிது என்பதை உருக்கும் நமக்கு உணர்த்துகின்றது.

பிந்தியதன் விலை

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள், இலண்டனிலிருந்து லீட்ஸ் நகருக்கு விரைந்துகொண்டிருந்த புகையிரதம் ஹாட்பீல்ட் என்னும் ஊரருகே வளைவொன்றிலே தடம்புரண்டது. அதன் வேகம் அவ்வேளை மணிக்கு ஏறக்குறைய 115 மைல். நால்வர் உயிரிழந்தனர், எழுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். வளைவின் வெளிப்புறத் தண்டவாளம் முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கிக் கிடந்தது. காரணம் யாது? மேலே யாம் விளிம்புக் கீறல் எனக் கூறிய அந்நோயே. அத்தண்டவாளம் நோயுற்றிருந்தமை முன்னரே அறியப்பட்டிருந்தது. மாற்றும் வேலைதான் காலத்தில் நடைபெறவில்லை.

அதன்பின் பிரித்தானியப் பாதைகளைப் பரிசோதித்தபோது அதே நோய் எங்கணும் பரவியிருத்தல் தெரியவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைக்குமாறு கட்டளை பிறந்தது. நாடு முழுவதும் போக்குவரத்துப் பல மாதங்கள் தடுமாறிற்று. சாணைப் புகையிரதங்களை முறையாக ஓட்டும் வழக்கம் அந்நாட்டில் மீண்டும் உறுதி பெற்றது அதன் பின்னரே. புகையிரதத்தை உலகுக்களித்த நாடு, நால்வர் உயிரைக் கொடுத்து மீளக் கற்ற பாடம் இது. அறிவு இல்லாமையால் அத்தீங்கு நேரவில்லை; அறிந்ததை உரிய காலத்திற் செய்யாமையால் நேர்ந்தது.

பாதையைக் காப்போர்

பொறிகளின் பெருமையைக் கூறுங்கால் மனிதரை மறத்தல் தகாது. எத்துணைப் பொறிகள் வரினும், பாதை நெடுக நடந்து சென்று ஆணி தளர்ந்ததா, மண் சரிந்ததா, கல் விழுந்ததா என நோக்கும் கண்கள் வேண்டும். ரம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே பெருமழை பெய்த மறுநாட் காலை வண்டி ஓடுகின்றதெனின், அதற்கு முன்பே ஒருவர் அப்பாதையிலே நடந்திருக்கின்றார் என்பது பொருள். சன்னலோரத்தில் அமர்ந்து பள்ளத்தாக்கின் அழகைக் காணும் நாம் அவரைக் காண்பதில்லை. கண்டாலும் கையசைத்துவிட்டு மறந்துவிடுகின்றோம்.

நம் மாணவர் பலர் பாலம் கட்டவும் பொறி படைக்கவும் விரும்புகின்றனர், அது நன்றே. கட்டிய பாலத்தைக் காக்கவும், படைத்த பொறியைப் பேணவும் விரும்புவோர் அருகியே உள்ளனர். புதியது ஆக்குவோனுக்கு விழாவும் மாலையும் உண்டு. உள்ளதைக் காப்போனுக்கு அவை இல்லை. அவன் தன் தொழிலைச் செவ்வனே செய்தால் ஒன்றுமே நிகழ்வதில்லை. ஒன்றும் நிகழாமையே அவனுடைய வெற்றி. அத்தகைய வெற்றியை மதிக்கக் கற்றுக்கொடுத்தலும் கல்லூரியின் கடன் எனக் கருதுகின்றேன்.

ஆசிரியனின் சாணைக்கல்

தொடக்கத்திற் கூறிய மாணவனிடம் மீள்வேன். தண்டவாளத்தைப் பற்றி வினவிய அவ்வாண்டிலேயே அவன் 'எங்கள் தோட்டம்' என்னும் பொருள்பற்றி இரண்டு பக்கக் கட்டுரையொன்று எழுதித் தந்தான். பயிற்சிக் கலாசாலையிலிருந்து அண்மையில் வெளிவந்தவன் யான். பிழை பொறுக்கும் பக்குவம் எனக்கு இல்லை. றகர ரகர மயக்கம், ஒற்றுப்பிழை, பேச்சு வழக்கு என ஒன்றையும் விடாது சிவப்பு மையாற் கோடிட்டேன். இரண்டு பக்கமும் சிவந்தன. அதன்பின் அவன் எந்தக் கட்டுரையும் மூன்று வரிக்கு மேல் எழுதவில்லை. அம்மூன்று வரியிலும் பிழை இல்லை. ஆயின் கட்டுரையும் இல்லை.

அவன் தந்தை இறப்பர் மலையிற் பால் வெட்டுபவர். தவணை முடிவில் பாடசாலைக்கு வந்தவர் பணிவோடு என்னிடம் கூறினார்: "சேர், புதிதாகக் கத்தி பிடிக்கிறவன் பட்டையை ஆழமாக வெட்டிவிடுவான். அன்றைக்குப் பால் கூடத்தான் வரும். ஆனால் கத்தி கட்டையிலே பட்டுவிட்டால் அந்த இடத்தில் நல்ல பட்டை திரும்ப வளராது. தாள் கனத்துக்குச் சீவினால் போதும். மரம் பல வருடம் பால் தரும்." அவர் மகனைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மந்திரத் தேய்மானம் என்னும் கொள்கையை யான் நூலிற் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. படித்தபோது, கனடா நாட்டு அறிஞர் கணித்துக் கூறியதைப் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் எனக்கு முன்பே போதித்திருந்தார் என்பதை உணர்ந்தேன். குற்றத்தைத் தேய்க்காது விடுதலும் கேடு. குற்றத்தோடு பிள்ளையையும் தேய்த்துவிடுதல் அதனினும் கேடு. வளர்ந்த அளவை மட்டும், வளர்ந்த பொழுதே, மெல்லிதாக நீக்குதல் வேண்டும். அதன்பொருட்டு நாள்தோறும் பாதை நெடுக நடத்தலும் வேண்டும்.

அவ்வாண்டின் இறுதியில் அம்மாணவன் 'எங்கள் மணி' என்று தலைப்பிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். பலாமரத்தில் தொங்கும் தண்டவாளத்தைப் பற்றிய கட்டுரை அது. கோச்சி ஓடாத ஊரிலே தண்டவாளம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைக்கின்றது என்று முடித்திருந்தான். அதிலே பதினொரு பிழைகள் இருந்தன. யான் மூன்றை மட்டும் திருத்தினேன்.